தொப்பியில் நிற்கும் யானை

மதராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கேடயம், அதன் மேல் ஒரு யானை, குறுக்கே இரண்டு வாள்கள். குன்னூர் தாண்டி வெலிங்டன் பக்கம் போனால் கண்ணில் படும். இங்கே காரைக்குடி, சிவகங்கை பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்குக் குறைவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் ஓர் இளைஞன் விறைப்பாக நிற்பான். அவன் தொப்பியில் அந்த யானையும் சின்னதாக நிற்கும்.

யானை எதைக் குறிக்கிறது என்று கேட்டால், பலம், நிதானம், விசுவாசம் என்று பதில் வரும். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொருளெல்லாம் பிறகு ஏற்றியது. சின்னங்களில் இரண்டு ரகம் உண்டு. நாமே யோசித்து வைத்துக்கொள்வது ஒன்று. ஒருத்தர் நமக்குக் கொடுத்தது இன்னொன்று. இந்த யானை கொடுக்கப்பட்ட யானை. அதற்குத் தேதி உண்டு, ஊர் உண்டு, கொடுத்தவர் உண்டு. தேதி 1803 செப்டம்பர் 23. ஊர் அசாயே, இன்றைய மகாராஷ்டிரத்தில் ஜால்னா மாவட்டத்தில் இருக்கிறது. கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி.

அன்றைக்கு அங்கே நடந்தது இது. ஆர்தர் வெல்லெஸ்லி என்ற முப்பத்து நாலு வயதுத் தளபதி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மராத்தியப் படையை எதிர்பாராமல் சந்திக்கிறார். எதிரே சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும். சிந்தியாவிடம் ஐரோப்பிய அதிகாரிகள் பழக்கிய காலாட்படையும் நூறுக்குப் பக்கத்தில் பீரங்கிகளும் இருந்தன. வெல்லெஸ்லி கைலனா ஆற்றைக் கடந்து, கைலனாவுக்கும் ஜுவாவுக்கும் நடுவிலிருந்த நிலத்தில் புகுந்து அடித்தார். சாயங்காலத்துக்குள் ஜெயித்தும்விட்டார். ஆனால் அவர் பக்கத்தில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனையும் தோற்கடித்தவர் அவர். அப்படிப்பட்டவரே, போர்க்களத்தில் தான் செய்த காரியங்களில் சிறந்தது எது என்று கேட்டபோது அசாயேயைத்தான் சொன்னார் என்பார்கள்.

அவர் படையில் வெள்ளைக்காரர்கள் இருந்தது இரண்டு ஸ்காட்லாந்துக் காலாட்படைகளும் ஒரு குதிரைப்படையும்தான். மிச்சமெல்லாம் மதராஸ் சேனையின் சிப்பாய்கள்: ஐந்து காலாட்படைப் பட்டாலியன், மூன்று குதிரைப்படை. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என்று கலந்த சேனை அது. போர் முடிந்ததும் கம்பெனி இந்தப் படைகளுக்கு அசாயே என்ற பெயரையும் யானையின் உருவத்தையும் கொடியில் தாங்கும் உரிமையை வழங்கியது. ஸ்காட்லாந்துக்காரனுக்கும் அதே யானைதான், மதராஸ் சிப்பாய்க்கும் அதே யானைதான். ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகளின் பழைய பேட்ஜுகளில் இன்றும் அந்த யானையைப் பார்க்கலாம். அந்த ஊர்க்காரன் ஆயுளில் யானையைப் பார்த்திருக்கவே மாட்டான் என்பது வேறு விஷயம்.

ஆக, நம் பையன் தொப்பியில் இருக்கும் யானை, ஒரு வெளிநாட்டு வியாபாரக் கம்பெனிக்காக இந்திய அரசர்களோடு சண்டை போட்டு ஜெயித்ததற்குக் கிடைத்த சன்மானம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அசாயே இங்கிருந்து ரொம்ப தூரம். கேள்வி பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து ஒரு நடை போனால் சிறுவயல். சின்ன மருது அங்கே அரண்மனை கட்டிக்கொண்டு இருந்தவர். 1801 ஜூலையில் கர்னல் அக்னியூவின் படை நெருங்கி வந்தபோது, அது எதிரி கைக்குப் போகக்கூடாது என்று அவரே ஊரைக் கொளுத்தினார். சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரைக்கும் அன்றைக்கு அடர்ந்த காடு. அதை வெட்டி வழி செய்துகொண்டு போய்விடலாம் என்று அக்னியூ நினைத்தார். ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டினார்கள். தினமும் மரத்துக்குப் பின்னாலிருந்து சூடு வாங்கி, வியாதியில் விழுந்து, கடைசியில் அந்த வேலையைக் கைவிட்டார்கள். அப்புறம் வேறு பக்கங்களிலிருந்து வந்து அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்தக் காட்டை வெட்டப் போனதும், காவல் நின்றதும், சுட்டதும் யார்? பெரும்பாலும் மதராஸ் சேனையின் சிப்பாய்கள்தான். அசாயேக்கு இரண்டு வருஷம் முன்பு. அதே கம்பெனி, அதே சிவப்புச் சட்டை, அதே சம்பளம். அந்தப் படையில் அதிகாரியாக வந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிறகு எழுதிய நினைவுக் குறிப்புகளில் சின்ன மருதுவைப் பற்றி வாஞ்சையோடு எழுதியிருக்கிறார். முன்னொரு காலத்தில் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் என்று. கற்றுக்கொடுத்தவரை வேட்டையாடிப் பிடிக்கிற படையில் பிறகு தானே இருந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். வெள்ளைக்கார அதிகாரிக்கு மனசில் ஒரு முள் இருந்தது, அதை எழுதி வைக்கப் பேனாவும் இருந்தது. அவருக்குக் கீழே இருந்த சிப்பாய்க்கும் முள் இருந்திருக்கும். அவன் எழுதி எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு அக்டோபர் 27 அன்றும் காளையார்கோவிலில் மருதிருவர் குருபூஜை நடக்கிறது. ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். அதே ஊர்களிலிருந்துதான் பையன்கள் பட்டாளத்துக்கும் போகிறார்கள். ஒரே வீட்டுச் சுவரில் மருதுபாண்டியர் காலண்டரும் யானைத் தொப்பி போட்ட மகன் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டையும் ஆணி அடித்து மாட்டிய அம்மாவுக்கு அதில் ஒரு சிக்கலும் தெரிவதில்லை. சிக்கல் இருக்கிறது என்று சொல்ல வருகிறவன் நான்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திர இந்தியா இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் இல்லை. கம்பெனி காலத்தில், இந்தியர்களுக்கு எதிராகவே சண்டை போட்டுப் பெற்ற போர்க் கௌரவங்களை இந்தியத் தரைப்படை தனியாகப் பிரித்தது. மனசுக்கு ஒவ்வாதவை என்ற பொருளில் அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தது. அந்த நாள்களை ரெஜிமென்ட் விழாவாகக் கொண்டாடுவதில்லை. அசாயே அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நியாயமான முடிவு. ஆனால் யானை தொப்பியிலேயே நின்றுவிட்டது. போர் வேண்டாம், போருக்குக் கொடுத்த பரிசு மட்டும் வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த ரெஜிமென்ட்டின் தலைமையகம் இருக்கும் ஊரின் பெயரையும் யாரும் மாற்றவில்லை. ஜக்கதலாவாக இருந்த ஊருக்கு 1860இல் வெலிங்டன் என்று பேர் வைத்தார்கள், அதே அசாயே தளபதியின் பட்டப்பெயர். யானையைக் கொண்டுவந்த ஆளின் பெயர் கொண்ட ஊரில், யானை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், யானையை வணங்குகிறோம்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு சின்னத்துக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். மகர் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் முதலில் கோரேகாவ் தூண் இருந்தது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையைக் கம்பெனியின் சிறு படை எதிர்த்து நின்ற இடத்தில் கட்டிய தூண் அது. செத்தவர்கள் பெயர் அதில் வெட்டியிருக்கிறது, மகர் சிப்பாய்களின் பெயர்கள் உள்பட. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். அதிலிருந்து அது தலித் மக்களுக்கு ஒரு யாத்திரைத் தலம். அந்தத் தூணைச் சின்னத்திலிருந்து எடுத்துவிட்டு ஒரு குத்துவாளை வைத்தார்கள். இப்போதும் அது குத்துவாள்தான்.

தூணை எடுத்தவர்கள் யானையை ஏன் எடுக்கவில்லை? இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். தூண் பேசும். அது எந்த ஊர், யார் யாரை அடித்தார்கள், யார் செத்தார்கள் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. யானைக்கு வாய் இல்லை. மிருகத்தைச் சின்னமாக வைப்பதில் இருக்கும் சௌகரியமே இதுதான், எதை ஏற்றினாலும் சுமக்கும். நேற்று கம்பெனியைச் சுமந்தது, இன்று குடியரசைச் சுமக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் யானை உண்டு. நிலைவாசலுக்கு மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானைகள். சில வீடுகளில் கொஞ்சம் மேலே அண்ணாந்து பார்த்தால் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும் சுதையில் நிற்பார்கள், வர்ணம் போய், மூக்கு உடைந்து. கட்டினவருக்கு அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. லட்சுமி உள்ளே வர, வாசலில் துப்பாக்கி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1824இல் தொடங்கிய முதல் பர்மா யுத்தத்தில் மதராஸ் சிப்பாய்கள் கப்பலேறிப் போய், குண்டில் செத்ததைவிட அதிகமாகக் காய்ச்சலில் செத்தார்கள். அடுத்தடுத்த யுத்தங்களில் பர்மா முழுசாகக் கம்பெனிக்கும் பிறகு ராணிக்கும் வந்தது. பின்னாலேயே நகரத்தார் கிட்டங்கிகள் போயின, பர்மா தேக்கு இங்கே வந்தது. சுதைச் சிப்பாயை முகப்பில் வைத்த செட்டியார், ஒரு விதத்தில், கணக்கை ஒளிக்காமல் எழுதி வைத்தவர் என்றே எனக்குத் தோன்றும்.

கப்பல் என்றதும் இன்னொரு சங்கதி. இந்தியத் தரைப்படையின் பஞ்சாப் ரெஜிமென்ட் சின்னம் என்ன தெரியுமா? பாயும் துடுப்புகளும் உள்ள ஒரு கப்பல். கடலே இல்லாத பஞ்சாபுக்கு எப்படிக் கப்பல் வந்தது? கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்று பலரும் தயங்கிய காலத்தில், கூப்பிட்டபோதெல்லாம் கப்பலேறிப் போன ஒரு மதராஸ் சிப்பாய்ப் பட்டாலியனுக்குக் கிடைத்த சின்னம் அது. பிற்காலத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் 'போர்க்குணம் உள்ள ஜாதிகள்' என்று ஒரு சித்தாந்தம் பிடித்துக்கொண்டது. தெற்கத்திக்காரன் சண்டைக்கு ஆகமாட்டான் என்று முடிவு கட்டி, மதராஸ் பட்டாலியன்கள் பலவற்றில் பஞ்சாபிகளைச் சேர்த்துப் பெயரையும் மாற்றினார்கள். 1903இல் அந்தப் பட்டாலியன் 69ஆம் பஞ்சாபிகள் ஆனது. கப்பல் அப்படியே கூடப் போயிற்று. மிஞ்சிய மதராஸ் காலாட்படையையும் 1920களின் முடிவுக்குள் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் தட்டுப்பாடு வந்த பிறகுதான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. யானையைக் கொடுத்தவர்களே ஒரு காலத்தில் அந்த யானையை நம்பவில்லை. கொடுத்தவன் மதிப்பு அவ்வளவுதான் என்றால் அதை நாம் ஏன் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கலாம்.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஒரு புத்தகத்திலிருந்து வரவில்லை. செக்காலை ரோட்டில் ஒரு டீக்கடையில், அந்த ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அசாயே விவரத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. அது அவன் குடுத்த யானை. ஒத்துக்கிறேன். ஆனா எங்க பட்டாலியன்ல செத்த பசங்களப் பெட்டியில வெச்சு அனுப்புறப்ப மேல இருந்த தொப்பியில இருந்தது எந்த யானை?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இருநூறு வருசத்துக்கு முன்னாடி யாரோ குடுத்தான்னு அந்தப் பையன்கிட்ட இருந்து புடுங்கிருவீங்களா?"

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1948இல் தித்வாலில், 1965இல் மகராஜ்கேயில், 1971இல் பசந்தர் ஆற்றங்கரையில் அந்த யானையைத் தாங்கியவர்கள் குடியரசுக்காகச் செத்தார்கள். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திக்கொண்டு ஓடியவன் மனசில் வெல்லெஸ்லி இருந்திருக்க மாட்டார். வாங்கியவர் கை எப்படி இருந்தாலும், பிறகு வந்தவர்கள் ரத்தத்தால் அதற்கு விலை கொடுத்துச் சொந்தமாக்கிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. நிலத்துக்கு அனுபவ பாத்தியம் என்று ஒன்று உண்டே, அது மாதிரி.

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். யானையை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. யானையின் பூர்வ கதையை மறைத்து வைத்திருப்பதுதான் உறுத்துகிறது. அனுபவ பாத்தியத்தில் நிலம் கிடைக்கும், மூலப் பத்திரத்தைக் கிழித்துப் போடும் உரிமை கிடைக்காது. மறைப்பதால் நஷ்டப்படுவது 1971இல் செத்தவன் இல்லை. 1803இல் செத்தவன். பெயரும் தெரியாமல், ஊரும் தெரியாமல், மகாராஷ்டிரத்து ஆற்றங்கரையில் கிடந்தவனை நினைவில் வைத்திருந்தது அந்த ஒரு சொல்தான்: அசாயே. அதைத்தான் ஒவ்வாதது என்று ஒதுக்கினோம். அவன் ஜெயித்ததை வைத்துக்கொண்டு அவனைக் கழற்றிவிட்டோம்.

"அவன் கூலிப்படை சார், சம்பளம் குடுத்தான், சண்டை போட்டான். அவனுக்கு என்ன மரியாதை?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்மில் பலர் மனசுக்குள் வைத்திருக்கும் பதிலும் இதுதான். இந்தச் சொல் எனக்குச் சரிப்படுவதில்லை. அன்றைக்கு 'இந்தியா' என்று ஒரு பக்கம் இருந்து, அதை விட்டு அவன் மாறிப்போகவில்லை. நவாப், தொண்டைமான், பாளையக்காரர், மைசூர், மராத்தியர், கம்பெனி என்று பத்து எஜமானர்கள். இதில் கம்பெனிதான் பெரும்பாலும் சம்பளத்தை மாசம் தவறாமல் கொடுத்தது. ஊரில் தெருவுக்குள்ளேயே வரவிடாத ஒரு பறையர் வீட்டுப் பையனுக்கு, அந்தச் சேனையில் ஒரு சட்டை, ஒரு துப்பாக்கி, நிமிர்ந்து நிற்க ஓர் இடம். கோரேகாவ் தூணை மகர்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கும் இதே காரணம். மேலே இருந்து பார்த்தால் துரோகம் மாதிரித் தெரிவது, கீழே இருந்தவனுக்கு முதல் தடவையாகக் கிடைத்த சுயமரியாதையாக இருந்திருக்கிறது.

சொன்னதையெல்லாம் கேட்கும் பொம்மையாகவும் அவன் இல்லை. அசாயே முடிந்து மூன்று வருஷம் ஆகவில்லை. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது, வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி, தோலில் செய்த ஒரு அலங்காரத்தோடு. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழி என்று உத்தரவு. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஒரு சின்னத்தைத் தலையில் வைக்க மறுத்து வெடித்த கலகம் அது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பார்கள், இருக்கட்டும். எதைத் தலையில் வைத்தால் தான் யாராக ஆகிவிடுவோம் என்று அந்தச் சிப்பாய்க்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்தக் கலகத்தை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்த கில்லெஸ்பியோடு வந்தது 19ஆம் லைட் டிரகூன் படை. அசாயேயில் யானை வாங்கிய வெள்ளைக்காரக் குதிரைப்படை அதேதான். கூடவே மதராஸ் குதிரைப்படையினரும் வந்தார்கள். மத்தியானத்துக்குள் கோட்டைக்குள்ளே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கலகம் செய்த ரெஜிமென்ட்டுகளின் எண்ணையே சேனைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். கொடுக்கத் தெரிந்தவனுக்கு அழிக்கவும் தெரியும். வேலூரில் இன்று நினைவுத்தூண் இருக்கிறது. அந்தச் சிப்பாய் விடுதலை வீரன், அசாயே சிப்பாய் கூலிப்படை. இரண்டு பேரும் ஒரே சேனை, ஒரே சம்பளப் பட்டியல். ஒருவேளை ஒரே தெருக்காரர்களாகக்கூட இருந்திருக்கலாம்.

தப்பான பக்கத்தில் நின்றவனின் வீரத்தை எப்படி மதிப்பது என்று நாம் வெளியே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நமக்குக் கர்ணன் இருக்கிறான். வடக்கே தெருக்கூத்தில் கர்ண மோட்சம் விடிய விடிய நடக்கும். 1964இல் வந்த சிவாஜி படத்தைத் தொலைக்காட்சியில் எப்போது போட்டாலும் எங்கள் வீட்டில் கடைசிக் காட்சிக்கு ஒருவர் கண் துடைப்பார். செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. தின்ற சோற்றுக்கு உயிரைக் கொடுப்பது. அதைச் சொல்லும்போது நம் குரல் தானாகத் தழுதழுக்கும்.

ஆனால் கவனியுங்கள். கர்ணனைக் கொண்டாடும் கூத்தில் துரியோதனன் பெயரை யாரும் மறைப்பதில்லை. அவன் பக்கம் நியாயமில்லை என்பதும், கர்ணனுக்கே அது தெரியும் என்பதும் கதையிலேயே இருக்கிறது. சபையில் திரௌபதி அவமானப்பட்டபோது கர்ணன் பேசிய பேச்சையும் யாரும் விட்டுவிடுவதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அழுகிறோம். துரியோதனனை எடுத்துவிட்டால் செஞ்சோற்றுக்கடனே இல்லை. அப்புறம் கர்ணன் வெறும் பலசாலி. அசாயேயை எடுத்துவிட்ட யானை மாதிரி.

சிப்பாயும் கர்ணனும் முழுக்க ஒன்று இல்லை, தெரியும். கர்ணனுக்கு மாற்றுக் கட்சியிலிருந்து அழைப்பு வந்தது, பிறப்பு தெரிந்தது, தேர்ந்தெடுத்தான். சிப்பாய்க்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அதனால் அவன் குற்றம் குறைவு, பெருமையும் கொஞ்சம் குறைவு. ரெஜிமென்ட்டின் குறிக்கோள் வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. தன் தர்மத்தில் நின்று சாவதே மேல் என்பது பொருள். தன் தர்மம் எது என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் வழக்கே. அதைச் சிப்பாய் முடிவு செய்ய விட்டால் சேனை இருக்காது. விடாவிட்டால் காளையார்கோவில் காடு வெட்டப்படும். இதற்கு விடை இருக்கிறது என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

இது பழங்கதையும் இல்லை. 1987இல் யாழ்ப்பாணத்தில் இறங்கிய இந்திய அமைதிப்படையில் மதராஸ் ரெஜிமென்ட்டும் இருந்தது. யானைச் சின்னம் வைத்த தமிழ் பேசும் சிப்பாய்கள், தமிழ் பேசும் தெருக்களில். அவர்களில் செத்தவர்கள் உண்டு. அந்தத் தெருக்களில் செத்தவர்களும் உண்டு. தங்கள் சொந்த அரசு, சட்டப்படி அனுப்பியதால் போனவர்கள். நூறு வருஷம் கழித்து ஒரு குழு உட்கார்ந்து, அது எந்தப் பட்டியலில் வரும் என்று முடிவு செய்யலாம். இப்போது நம்மூரில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போனவர்களும் பேசுவதில்லை. டீக்கடையில் பேசிய ஹவில்தாரிடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நம் பழைய போர் மரபில் சின்னம் என்பது பெரும்பாலும் பூ. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, மதிலைக் காத்தால் நொச்சி, வளைத்தால் உழிஞை. நீ யார் வம்சம் என்பதை அல்ல, நீ இப்போது என்ன காரியம் செய்யப் போகிறாய் என்பதைப் பூ சொல்லிவிடும். மாடு திருடப் போகிறவன் மாடு திருடும் பூவைத்தான் சூட வேண்டும். சாயங்காலம் வாடிவிடும், பேரனுக்குக் கொடுக்க முடியாது. பித்தளை யானை வாடாது, அதனால்தான் இத்தனை தொல்லை. தாத்தா செய்த காரியத்தைப் பேரன் தலையில் அது வைக்கிறது, என்ன காரியம் என்று சொல்லாமலே.

யானையையே எடுத்துக்கொண்டால், நம் இலக்கியத்தில் அது எதிரியின் பக்கத்தில் நிற்பது. ஆயிரம் யானையைப் போரில் கொன்றவனுக்குத்தான் பரணி. முயலைக் குறி தவறாமல் அடித்தவனைவிட யானைக்கு வேல் எறிந்து தவறவிட்டவனே மேல் என்பது வள்ளுவர் கட்சி. கம்பெனிக்காரனுக்கு இந்த மரபெல்லாம் எங்கே தெரியும்? இந்தியா என்றால் யானை, போட்டுவிட்டான்.

ஆகவே நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. யானை இருக்கட்டும். வெலிங்டனுக்குப் போய்ச் சேரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு முதல் வாரத்திலேயே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அசாயே, காளையார்கோவில், வேலூர் மூன்றையும் சேர்த்து. மனசு உடைந்துபோவான் என்று பயப்பட வேண்டாம். வீட்டுச் சுவரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவன் அவன்.

சொல்லும்போது ஒரு பூவின் பெயரையும் சொல்லலாம். வெட்டவெளியில் நேருக்கு நேர் நின்று போரிடும்போது சூடுவது தும்பை. அதை இரண்டு பக்கத்துக்காரரும் சூடுவார்கள். அசாயேயில் யானை ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்தது. அந்த மத்தியானம் மதராஸ் சிப்பாய்கள் சிந்தியாவின் பீரங்கி வரிசையைப் பிடித்துத் தாண்டி முன்னே போனார்கள். செத்துக் கிடந்த பீரங்கிக்காரர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் சாகவில்லை. பீரங்கிக்கு அடியில் செத்தவர்கள் போலக் கிடந்தவர்கள், படை தாண்டியதும் எழுந்து, பீரங்கியைத் திருப்பிப் பின்னாலிருந்து சுட்டார்கள். வெல்லெஸ்லி மறுபடி குதிரைப்படையோடு திரும்பி வந்து அந்தப் பீரங்கிகளைப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அவர்கள் எழுந்திருக்கவில்லை.